9 ரூபாய் 28 பைசா

சொந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதி வைக்க எத்தனையோ மென்பொருள்கள் வந்து போய்விட்டன. மைக்ரோசாஃப்ட் மணி என்று ஒன்று இருந்தது. 2009-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். க்விக்கன், அமெரிக்கக்காரர் அளவுக்குத் தைத்த சட்டை. நமக்குத் தோளில் நிற்காது. மிச்சமிருப்பதில் நான் மதிக்கிறது க்னுகேஷ். காசு கேட்பதில்லை. தாத்தா காலத்துப் பேரேடு மாதிரி, ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதாமல் விடாது. வங்கிக் கணக்கு, வீட்டுக்கடன், மளிகை பாக்கி எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பங்குகளுக்கு மட்டும் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. இந்த வாரம் அந்த ‘ஆனால்’தான்.

பங்கு வாங்கின தேதி, எண்ணிக்கை, கொடுத்த பணம் இதெல்லாம் உங்களிடம் இருக்கும். பீரோவைக் குடைந்தால் பழைய கான்ட்ராக்ட் நோட்டு அகப்படும். நடுவில் வந்த வருஷங்களில் அந்தப் பங்கு என்ன விலைக்குப் போனது என்பது இருக்காது. அது இல்லாமல் 2008-ல் எவ்வளவு கரைந்தது, 2020 மார்ச்சில் எவ்வளவு போச்சு என்று படம் போட்டுப் பார்க்க முடியாது. க்னுகேஷ் தானாக இன்டர்நெட்டில் போய் எடுத்து வருவது இன்றைய விலையை மட்டும். பழையதையெல்லாம் நீங்கள்தான் சி.எஸ்.வி. கோப்பாகக் கொண்டுவந்து கொட்டணும். 2018-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதற்கென்று ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள்.

ஜன்னலில் குறை சொல்ல அதிகமில்லை. 03-04-2008 என்று இருந்தால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா என்று நாமே சொல்லலாம். எது தேதி, எது விலை, எது கரன்ஸி என்று நம்மைக் கேட்டுக்கொள்கிறது. ஏற்கெனவே இருக்கிற விலையின் மேல் எழுதட்டுமா என்றுகூடக் கேட்கிறது. இத்தனை கேட்கிற ஆசாமி, கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்பதில்லை. ‘இது அன்றைக்கு விற்ற விலையா, பிற்பாடு திருத்தின விலையா?’

திருத்தின விலை என்றால் என்ன? ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் உங்கள் நூறு பங்கு இருநூறாகும், விலை பாதியாகும். யாருக்கும் லாபமில்லை, நஷ்டமில்லை. ஆனால் வரைபடத்தில் மட்டும் மாடிப்படியிலிருந்து உருண்ட மாதிரி இருக்கும். பார்க்க நன்றாக இல்லை என்று, விலை தருகிற தளங்கள் போனஸுக்கு முந்தைய விலைகளையெல்லாம் பாதியாக்கிவிடும். அடுத்த போனஸ் வந்தால் அதிலும் பாதி.

இன்ஃபோசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் 95 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். நூறு பங்கு 9,500 ரூபாய். 1994, 1997, 1999-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2000-ல் பத்து ரூபாய் முகமதிப்பை ஐந்தாகப் பிரித்தார்கள். 2004-ல் ஒன்றுக்கு மூன்று. பிறகு 2006, 2014, 2015, 2018 என்று நாலு தடவை ஒன்றுக்கு ஒன்று. பெருக்கிப் பாருங்கள், நூறு பங்கு இன்று 1,02,400. அதாவது 1,024 மடங்கு. திருத்தின விலைப் பட்டியலில் அந்த 95 ரூபாய் ஒன்பது பைசா சொச்சம்!

இந்தப் பட்டியலைக் க்னுகேஷுக்குள் கொட்டுங்கள். நீங்கள் ஒழுங்கான மனுஷர், ஒவ்வொரு போனஸையும் அந்தந்தத் தேதியில் எழுதி வைத்திருக்கிறீர்கள். மென்பொருள் என்ன செய்யும்? 1993-ல் உங்களிடம் இருந்தது நூறு பங்கு, விலை ஒன்பது பைசா சொச்சம், ஆகவே உங்கள் சொத்து 9 ரூபாய் 28 பைசா என்று கூசாமல் சொல்லும். ஒரே போனஸைப் பங்கின் எண்ணிக்கையில் நீங்கள் ஒரு தடவையும், விலையில் தளத்துக்காரர் ஒரு தடவையும் கணக்குப் பண்ணியாச்சு. எண்ணிக்கை அன்றையது என்றால் விலையும் அன்றையதாக இருக்கணும். இது தெரியாத நிரல் இல்லை, கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

யாஹூ ஃபைனான்ஸ் பட்டியல் இன்னும் வேடிக்கை. அதில் ‘முடிவு விலை’ என்று ஒரு பத்தி, ‘திருத்திய முடிவு விலை’ என்று பக்கத்திலேயே இன்னொரு பத்தி. இரண்டாவதைத் தவிர்த்துவிட்டால் தப்பித்தோம் என்றுதான் எவரும் நினைப்பார். முதல் பத்தியும் பிரிப்புக்குத் திருத்தினதுதான், ஸார். இரண்டாவதில் டிவிடெண்டையும் சேர்த்துக் கழித்திருக்கிறார்கள். இரண்டுமே அன்றைய விலை இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து இதை டவுன்லோடு செய்யச் சந்தா கட்ட வேண்டும் என்பது தனிக்கதை.

‘படம் கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது?’ என்பீர்கள். படத்தோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன். வருமான வரிக்கு இந்தப் பழைய விலை வேண்டும். 2018 பட்ஜெட்டில் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி திரும்ப வந்தபோது ஒரு சலுகை தந்தார்கள். 2018 ஜனவரி 31-க்குள் வாங்கினவர்கள், அன்று சந்தையில் விற்ற அதிகபட்ச விலையை, விற்ற விலையைத் தாண்டாமல், தாங்கள் வாங்கின விலையாகக் காட்டலாம். இன்ஃபோசிஸ் கடைசி போனஸ் கொடுத்தது அதே வருஷம் செப்டம்பரில். ஆக, திருத்தின பட்டியலில் ஜனவரி 31-ன் விலை பாதியாகக் கிடக்கிறது. சட்டமோ உங்கள் பழைய நூறு பங்குக்கு முழு விலையைத் தருகிறது. செப்டம்பரில் வந்த போனஸ் நூறுக்கு வாங்கின விலை பூஜ்யம் என்கிறது. டீமேட் கணக்கில் முதலில் வந்ததுதான் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும்.

அன்றைய விலை, உதாரணத்துக்கு, 1,000 ரூபாய் என்று வையுங்கள். பட்டியல் 500 என்கிறது. பழைய நூறை விற்கிறீர்கள். பட்டியலை நம்பினால் 50,000 ரூபாய் லாபம் கூடுதலாகக் காட்டியாச்சு. விலக்கு எல்லையைத் தாண்டினவர் என்றால், 2024 ஜூலையிலிருந்து இருக்கிற 12.5 சதவீதத்தில் 6,250 ரூபாய் தண்டம். வரைபடத்துக்குப் பிரிப்பும் போனஸும் ஒன்றுதான். வரி ஆபீசருக்கு இல்லை.

நிறுவனம் இரண்டாகப் பிரியும்போது இன்னும் குழப்பம். 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் போனபோது, வாங்கின விலையில் 4.68 சதவீதத்தை ஜியோவுக்கு ஒதுக்கணும் என்று கம்பெனியே அறிவித்தது. இதையெல்லாம் விலைக் கோப்பு சொல்லாது. நாம்தான் கையால் எழுதணும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். முட்டினால் சொல்லலாம் இல்லையா? இறக்குமதி ஜன்னலில் ஒரு வரி, ஒரு டிக் பெட்டி போதும். அதுகூட வேண்டாம், நாம் எழுதின போனஸ் தேதியில் விலை பாதியாகாமல் வழுவழுவென்று போனால், ‘இந்தக் கோப்பைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று ஒரு எச்சரிக்கை. இரண்டு தகவலும் அதனிடமே இருக்கிறது.

அதுவரை என்ன செய்வது? பங்குச்சந்தைகளே ஒவ்வொரு நாளும் வெளியிடும் விலைப் பட்டியல் இருக்கிறது. பெயர் பாவ்காப்பி. குடிக்கிற காப்பி இல்லை, பாஜியோடு வரும் பாவும் இல்லை. இந்தியில் பாவ் என்றால் விலை. அதில் இருப்பது அன்றன்று நடந்த விலை, யாரும் கை வைக்காதது. நாளுக்கு ஒரு கோப்பு என்பதுதான் தொல்லை. முப்பது வருஷத்துக்கு ஏழாயிரம் கோப்புக்கு மேல் ஆகும். தினமும் வேண்டாம், மாதக் கடைசி நாள் மட்டும் எடுங்கள். 360-ல் முடிந்துவிடும், படத்துக்கு அது ஏராளம். ஜனவரி 31-க்கு மட்டும் முடிவு விலையை விட்டு அதிகபட்ச விலைப் பத்தியைப் பார்த்துத் தனியாகக் குறித்து வையுங்கள். பழைய கோப்புகளில் இன்ஃபோசிஸை இன்ஃபி என்று தேடினால் கிடைக்காது. 2011 வரை அதன் குறியீடு இன்ஃபோசிஸ்டெக். பிரிப்பில் முகமதிப்பு மாறினால் ஐ.எஸ்.ஐ.என். எண்ணும் மாறிவிடும், அதையும் கவனிக்கணும்.

ஏற்கெனவே ஒரு கோப்பை உள்ளே கொட்டிவிட்டவர்கள் விலைப் பட்டியலைத் திறந்து 2018 ஆகஸ்ட் கடைசி விலையையும் செப்டம்பர் கடைசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஏறத்தாழ பாதியாகி இருந்தால் கோப்பு நல்ல கோப்பு. இல்லையென்றால் பழைய விலைகளை மொத்தமாக நீக்க அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.