படகு அழகாத்தான் இருக்கு, ரேடியோ கேக்குதா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் போயிருந்தேன். ஊர் முழுக்கக் கால்வாய்கள். நம்ம வீட்டு வாசலில் கார் நிற்கிற மாதிரி அங்கே பின்வாசலில் படகு நிற்கும். ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு நியூ ரிவர் கரையில் நடந்துகொண்டிருந்தபோது பெரிய மோட்டார் யாட் ஒன்று வந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தளம் வரை ஊதா. கொஞ்ச நேரத்தில் சிவப்பு, அப்புறம் பச்சை. கல்யாண மண்டபத்து வாசலே மிதந்து வருகிற மாதிரி இருந்தது. போட்டோ எடுத்தேன், மறுக்கவில்லை. ஆனால் அது என்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சட்டென்று பிடிபடவில்லை.

அந்தக் குழப்பத்தால்தான், ஊர் திரும்பினதும் யாட்டில் கலர் மாறும் எல்இடி மாட்டுகிற வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. தகரம் பூசிய செப்பு ஒயர், தனி ஃப்யூஸ், உப்புத்தண்ணீர் புகாத இணைப்புகள், நீளமான ஸ்ட்ரிப்பின் கடைசியில் வோல்டேஜ் இறங்காமலிருக்க நடுவிலும் ஒரு சப்ளை. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் போனில் கலர் சக்கரத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், ட்ரோன் மேலே போகும், வீடியோ முடிந்தது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

முதலில் நிறம். ராத்திரியில் ஓடும் படகில் விளக்கின் நிறம் ஒரு தகவல். மோதல் தவிர்ப்புக்கான 1972 சர்வதேச விதிகளின்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இருட்டில் சிவப்பு மட்டும் தெரிந்தால் அந்தப் படகின் இடப்பக்கத்தைப் பார்க்கிறோம் என்று அர்த்தம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு என்றால் அந்தக் கப்பல் தன் கட்டுப்பாட்டில் இல்லை. இந்த விளக்குகளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய, அவற்றை மங்கடிக்கிற, கண்காணிப்பைக் கெடுக்கிற வேறு விளக்கு எதுவும் எரியக்கூடாது என்று 20-ஆம் விதி சொல்கிறது. ஃப்ளோரிடாவில் தனியார் படகில் சிமிட்டும் நீல விளக்கு போடுவதும் சட்டப்படி குற்றம், அது போலீஸுக்கு உரியது. கட்டிப்போட்ட படகில் வானவில்லே எரியட்டும், எனக்கென்ன. ஓடும்போது? வழிகாட்டி விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் அலங்கார விளக்கு தானாக அணையும்படி ஒரு ரிலே வைத்தால் போதும். நான் பார்த்த வீடியோ ஒன்றில்கூட அந்த ரிலே இல்லை.

(தண்ணீருக்கு அடியில் மாட்டுகிற கலர் விளக்கு இன்னும் வேடிக்கை. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும், சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். மூன்று நிறத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நீலத்திலும் பச்சையிலும்தான் காலம் தள்ள வேண்டும்.)

எனக்கு நிஜமாகவே கவலை தருவது அடுத்த விஷயம். எல்இடியை மங்க வைப்பதற்கு அதை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கலர் கலப்பதும் இதே வித்தைதான். வேகமான ஒவ்வொரு ஸ்விட்சிங்கும் கொஞ்சம் ரேடியோ இரைச்சலைத் துப்பும். சில விளக்குகளுக்குள் இருக்கும் கரன்ட் டிரைவர் இன்னும் வேகமாக ஸ்விட்ச் ஆகும், அதன் இரைச்சல் தனி. கடலில் அவசரத்துக்குக் கூப்பிடுகிற 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 1.9 மீட்டர், அதில் கால் பங்கு 48 சென்டிமீட்டர். படகுக்குள் அரை மீட்டர் ஒயர் எத்தனை இடத்தில் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்க. அத்தனையும் ஆன்டெனாதான்.

இது என் கற்பனை இல்லை. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றியே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. எல்இடி விளக்குகளால் வி.எச்.எஃப். ரேடியோவும், கப்பல்களின் இருப்பிடத்தைச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவியும் சரியாகக் கேட்காமல் போகலாம் என்று. அதில் ஒரு எளிய சோதனையும் உண்டு. அமைதியான சேனல் ஒன்றில் வைத்து, இரைச்சல் நிற்கிற விளிம்பு வரை மட்டும் ஸ்க்வெல்ச்சைத் திருப்பி, அப்புறம் எல்இடியைப் போடு. இரைச்சல் திரும்ப வந்தால் விளக்குதான் காரணம்.

வீட்டில் நானும் செய்து பார்த்தேன். ரிச்சி தெருவில் வாங்கின கலர் ஸ்ட்ரிப், பக்கத்தில் ஒரு பழைய எஃப்.எம். ரேடியோ. அடாப்டர் மேல் பழி போகக்கூடாது என்று 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினேன். முழு வெள்ளையில் ஒரு சத்தமும் இல்லை. பாதி வெளிச்சத்தில் ஊதா வைத்தேன், பலவீனமான ஸ்டேஷன் ஒன்று இரைச்சலில் காணாமல் போய்விட்டது. காரணம் யோசித்தால் எளிது. முழு வெளிச்சத்தில் அணைத்துப் போடும் வேலையே நடப்பதில்லை. அப்படியென்றால் படகிலும் விளக்கை முழுசாக எரியவிட்டுச் சோதித்தால் 'பாஸ்' ஆகிவிடும். ஓனர் ராத்திரி மங்கலான ஊதாவுக்கு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ட்ரோன் ஷாட்டுக்குக் கொடுக்கிற இரண்டு நிமிஷத்தை இந்தச் சோதனைக்குக் கொடுத்திருந்தால், மங்கல், முழுசு, கலர் மாறும் நிலை மூன்றிலும் ரேடியோவைத் திறந்து காட்டியிருந்தால், அந்த வீடியோக்களை நானே நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். இப்போதைக்கு ஃபெரைட் வளையம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்ட்ரிப்பின் ஒயரில் மாட்டினால் அந்த ஸ்டேஷன் திரும்ப வருகிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கணும்.