பாதி நேர்மை

டேட்டிங் செயலிக்கு வரும் மணமானவர்களுக்கென்று ஒரு நாகரிகம் உருவாகியிருக்கிறது. கல்யாணமானதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கல்யாணக் கனவோடு வந்தவரிடமிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இது பாதிதான் சரி என்பது என் கட்சி.

அந்தப் பாதியும் சின்ன விஷயமல்ல. பொதுச் செயலிகளில் சில படங்களைப் பாருங்கள்: பக்கத்திலிருந்தவரை வெட்டியிருப்பார்கள், தோள்மேல் ஒரு கை மட்டும் மிஞ்சியிருக்கும். இரவு பத்துக்கு மேல்தான் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை போனே எடுக்க மாட்டார். மாதக்கணக்கில் நம்பிப் பழகியவர் கடைசியில் தானாகத் துப்புத் துலக்கித்தான் உண்மை தெரிந்துகொள்வார். முதல் நாளே சொல்வது இந்த மோசடியை நிறுத்துகிறது.

மணமானவர்களுக்காகவே நடக்கும் தளங்கள் தங்கள் நியாயமாகச் சொல்வதும் இதைத்தான்: இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. அப்படியொரு தளமான கிளீடன் 2009இல் பிரான்சில் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. அதன் விளம்பரங்களை எதிர்த்து பிரான்சின் கத்தோலிக்கக் குடும்பச் சங்கங்கள் போட்ட வழக்கு 2020 டிசம்பரில் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மணத்துரோகம் தவறுதான், ஆனால் விவாகரத்து வழக்கில் கணவனோ மனைவியோதான் அதை எழுப்ப முடியும், மூன்றாமவர் அல்ல என்றது நீதிமன்றம். தளத்துக்குக் கிடைத்த நற்சான்றாக இதைப் படிப்பது பிழை. கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டோ அவரைத்தான் இந்த ஏற்பாடு இருட்டில் வைக்கிறது. 2018 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம், மணத்துரோகத்தைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை ரத்து செய்தபோதும், விவாகரத்துக்கான காரணமாக மணத்துரோகம் நீடிக்கும் என்றே சொன்னது. சிறைக்குப் போக வேண்டியதில்லை. துணைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ரகசியம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை 2015இல் அதே வகைத் தளமான ஆஷ்லி மேடிசன் காட்டியது. கணக்கை முழுதாக அழிக்க 19 டாலர் வாங்கிய நிறுவனம் அது. பணம் கட்டியவர்களின் விவரங்களும் அழியாமல் கிடந்து, ஹேக்கர்கள் கையால் ஊருக்கே தெரிந்தன.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பிரிந்து வாழ்ந்து, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது புதுத் துணை தேடுபவர் காகிதத்தில் மட்டுமே மணமானவர். நிலைமையை வெளிப்படையாக எழுதினால் அவர்மேல் எனக்குக் குறையில்லை. அடிக்கும் கணவனிடம், வருமானமும் போக்கிடமும் இல்லாமல் மாட்டிக்கொண்ட பெண் மறைப்பது உயிர்ப் பயத்தால். வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகள், சமூக மரியாதை எதையும் இழக்க மனமில்லாமல் மறைப்பவருக்கு அந்தச் சலுகையைக் கடன் கொடுக்க மாட்டேன். வீட்டில் சொல்லாமல், செயலியில் மட்டும் சொல்வது அவர் செய்யும் துரோகத்துக்கு அந்நியரையும் உடந்தையாக்குகிறது.

இருவரும் மனமொத்துத் திறந்த உறவில் இருக்கிறார்கள் என்றால் கதை வேறு. 2016இல் ஓகேகியூபிட் என்ற டேட்டிங் செயலி அப்படிப்பட்ட தம்பதியர் தங்கள் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்ட வழிசெய்தது. “என் மனைவிக்குத் தெரியும்” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த மனைவியிடமே ஒரு வார்த்தை பேசக் கேட்பதில் அநாகரிகம் எதுவுமில்லை. தட்டிக்கழித்தால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.