மதிப்பெண் போடுபவருக்கு மதிப்பெண்

பருவத் தேர்வு நெருங்கும்போது கல்லூரி மாணவர்களிடம் ஒரு கருத்துப் படிவம் வரும். முன்பு தாளில் வந்தது. இப்போது பெரும்பாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்மாக விழுகிறது. ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, பாடத்தை முடித்தாரா, புரியும்படி நடத்தினாரா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. பலரும் எல்லாவற்றுக்கும் ஐந்தைத் தொட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இந்தச் சடங்கை ஒழித்துவிடலாம் என்கிறார்கள் ஆசிரியர்களில் ஒரு சாரார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் மாணவரைக் கேட்டே ஆக வேண்டும். இப்போது கேட்கும் முறைதான் அவர்கள் வாயை அடைக்கிறது.

வகுப்பறைக் கதவு சாத்தியபின் உள்ளே நடப்பதைத் துறைத்தலைவர் பார்ப்பதில்லை, முதல்வரும் பார்ப்பதில்லை. கைடைப் பார்த்து நோட்ஸ் சொல்லி எழுதவைத்தே ஒரு பருவத்தை ஓட்டிவிட்டால், அதை அறிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மட்டுமே. குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களில் மிகப் பலர் தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மக்காச்சோளக் கொல்லையிலும் பருத்திக் காட்டிலும் சிமெண்ட் ஆலையிலும் உழைக்கும் பெற்றோர், பிள்ளைக்கு என்ன பாடம் நடக்கிறது என்று கல்லூரிக்கு வந்து கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆகவே மாணவரின் சொல்லைத் தவிர இங்கே வேறு தணிக்கை இல்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக், 2017இல் திருத்திய தன் முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. கல்லூரி தரும் மின்னஞ்சல் முகவரிகளுக்கு நாக் நேரடியாகவே கேள்விகளை அனுப்பும். கல்லூரியைத் தாண்டி மாணவரை எட்டுகிறது என்பது அதன் பெரிய பலம். ஆனால் அதன் கேள்விகள் ஆசிரியர்களையும் கல்லூரியையும் ஒட்டுமொத்தமாகப் பற்றியவை. பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் முடிக்கப்பட்டது, ஆசிரியர்களில் எத்தனை சதவீதத்தினர் புரொஜெக்டர் போன்ற சாதனங்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது கேட்கிறது. நன்றாக நடத்தும் நால்வரும் வகுப்புக்கே வராத ஒருவரும் ஒரே சராசரியில் கரைந்துவிடுகிறார்கள். அந்தச் சராசரி தரச்சான்றுக்கு உதவும். வகுப்பறையைத் திருத்த உதவாது.

ஆசிரியர்வாரியாகக் கேட்பது கல்லூரியின் சொந்தப் படிவம். அங்கே அச்சம் வந்துவிடுகிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கலைக் கல்லூரிகளில் ஒரு தாளின் 100 மதிப்பெண்ணில் 25 உள்மதிப்பெண். அது அதே ஆசிரியரின் கையில் இருக்கிறது. பல படிவங்கள் பதிவு எண்ணையோ மின்னஞ்சலையோ கேட்டுவிட்டு, விவரம் ரகசியமாக இருக்கும் என்கின்றன. எந்த மாணவர் நம்புவார்?

இடம் கிடைப்பது அரிதாக அரிதாக இந்த அச்சம் கூடும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் 150 இடங்களுடன் தொடங்கியது. எம்.பி.பி.எஸ். படிப்பில் உள்மதிப்பீட்டில் கருத்தியலும் செய்முறையும் சேர்த்து 50 சதவீதம் எடுக்காவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வே எழுத முடியாது. அதோடு இது, நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட குழுமூர் மாணவி அனிதாவின் மாவட்டம். ஒரு மருத்துவ இடத்துக்காக ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்க நேரும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் நுழையும் அரசுப் பள்ளி மாணவருக்கு, சீட் கிடைத்ததே பெரிது, குறை சொல்லக் கூடாது என்ற எண்ணம் வருவது இயல்பு. நன்றியுணர்வு இப்படிப் பூட்டாக மாறுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அச்சமே இல்லாத இடத்தில் மாணவர் தரும் புள்ளி சரியாக இருக்குமா? உலக அனுபவம் தயங்கவைக்கிறது. 1970இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தி, சரக்கே இல்லாத ஓர் உரையை நிகழ்த்தவைத்தார்கள். கேட்டவர்கள் கற்றறிந்தவர்கள், அவரைப் பாராட்டியே மதிப்பிட்டார்கள். அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்களை வைத்து 2010இல் வெளியான ஆய்வு இன்னும் ஆழமானது. அங்கே மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்று தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. உடனடித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தந்த ஆசிரியர்கள் உயர்ந்த புள்ளி பெற்றார்கள். ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் அடுத்த கட்டப் பாடங்களில் பின்தங்கினார்கள். கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் வில்லியம் கப்லான், பதவி உயர்வுக்கும் நிரந்தரப் பணிக்கும் கற்பித்தல் திறனை அளக்க இந்தப் புள்ளிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பளித்தார். இங்கோ தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிகள் ஆசிரியர் மதிப்பீட்டில் 100க்கு 25 புள்ளியை மாணவர் கருத்துக்கு ஒதுக்குகின்றன.

இந்த ஆய்வுகளைக் காட்டி மாணவருக்கு ஒன்றும் தெரியாது என்பவர்கள் பாதியை மறைக்கிறார்கள். மாணவர் நீதிபதி அல்லர், சாட்சி. ஆசிரியருக்குப் பாட அறிவு போதுமா என்று அவரால் தீர்மானிக்க முடியாது. எத்தனை வகுப்பு நடந்தது, திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததா, தமிழ்வழியில் படித்து வந்தவருக்குப் புரியாத இடத்தில் ஆசிரியர் நின்று தமிழில் விளக்கினாரா, கேள்வி கேட்டவர் அவமானப்பட்டாரா என்பதையெல்லாம் அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. ஆசிரியர் செய்த நல்லதற்கும் அவரே சாட்சி. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. காரை ஓடைகளில் பழங்காலக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. அறிவியல் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போயிருந்தால், அதைப் பதிய ஐந்து புள்ளிப் படிவத்தில் கட்டமே இல்லை.

எனவே படிவத்தைப் பருவத்தின் நடுவில், ஆறாவது ஏழாவது வாரத்தில் கொடுக்க வேண்டும். முடிவில் கேட்டால் பயன் அடுத்த வகுப்புக்குத்தான். நான்கைந்து கேள்விகள் போதும். தமிழிலேயே, பதிவு எண் இல்லாமல், வேறு துறை ஆசிரியர் வாங்கித் தொகுக்கட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்காதபடி தட்டச்சு செய்தே உரியவரிடம் கொடுக்கட்டும். அந்த ஆசிரியர் அடுத்த வாரம் வகுப்பில், நீங்கள் சொன்னவை இவை, நான் மாற்றிக்கொள்வது இது, இன்ன காரணத்தால் மாற்ற முடியாதது இது என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாததால்தான் பிள்ளைகள் ஐந்தைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும் பாரத்தைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதமே சம்பளம். அவர்களின் மறுநியமனத்தை இந்தப் புள்ளியோடு ஒருபோதும் முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் கண்டிப்பான ஆசிரியர் எவரும் மிஞ்சமாட்டார். ஒரே குறையை இரண்டு மூன்று ஆண்டு மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னால், துறைத்தலைவர் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.