மலையிறங்கும் லாரி

பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையிலுள்ள மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், பாரம் ஏற்றிய லாரியொன்று இறங்கி வருவதை ஓரமாக நின்று பார்ப்பதில் எனக்கு ஓர் அலாதியான ஆனந்தம் உண்டு. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும் என்பதை அறிந்த சாரதி, கீழ் கியரில் எஞ்சினையே கடிவாளமாக்கி, யானை ஆற்றில் இறங்குவதுபோல அடியடியாக வண்டியை இறக்குகிறார். வளைவுதோறும் ஹாரன் ஒரு முறை கம்பீரமாக ஒலித்து, மறுமொழிக்குக் காத்திருப்பதுபோல ஒரு கணம் மௌனமாகிறது.

ஏறிவரும் பேருந்துக்கு வழிவிட்டு ஒதுங்க நேர்ந்தால், கிளீனர் கீழே குதித்து, பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, "வரலாம், வரலாம்" என்று பக்கப் பலகையைத் தட்டும் ஓசையில் ஒரு தாளக்கட்டே இருக்கிறது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை விட்டு உள்வாங்கி வருமாகையால், அந்த இடுக்கில் நுழையப் பார்க்கும் மோட்டார் சைக்கிள்காரனைக் கண்ணாடியில் கண்ட மாத்திரத்தில் லாரி நின்றுவிடுகிறது. அவன் கையைக்கூட உயர்த்தாமல் கடந்து போகிறான். அதுபற்றி யாதொரு விசனமுமின்றி, சாரதியின் கரங்களில் ஸ்டீயரிங் மறுபடி சாவதானமாகச் சுழலத் தொடங்குகிறது.