பேஸ் கிட்டார்: கேட்கும் இடமும் கருவித் தேர்வும்

பேஸ் கிட்டார் நான்கு தந்திகள் கொண்ட மின் இசைக்கருவி. சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்த சுருதியில் ஒலிப்பது. தமிழ்த் திரையிசையில் ஐம்பது ஆண்டுகளாக இடையறாது பயன்படுத்தப்பட்டு வந்தாலும் தமிழ் இசை விமர்சனத்தில் இக்கருவி அரிதாகவே பேசப்பட்டிருக்கிறது. பாடகர், மெட்டு, வரிகள், ராகம் ஆகியவற்றுக்குப் பிறகு இடம் மிஞ்சினால் வயலினும் புல்லாங்குழலும் பேசப்படுகின்றன. கருவியை வாங்க விரும்பும் மாணவருக்குக் கிடைக்கும் வழிகாட்டுதல்களோ நிறுவனப் பெயர்களையும் மரவகைகளையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. இசை எங்கே, எதன் வழியாகக் கேட்கப்படுகிறது என்ற கேள்வி இரு தரப்பிலும் எழுவதில்லை. பேஸ் கிட்டாரைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கூம்பு ஒலிபெருக்கியும் பேஸ் ஒலியும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கும் ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜமுனாமரத்தூர் அதன் முக்கிய ஊர். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இச்சிற்றூர்களுக்கும், தமிழகத்தின் பிற சிற்றூர்களுக்கும், திரையிசை வந்து சேர்ந்த வழிகள் ஒன்றுதான்: வானொலிப் பெட்டி, கேசட் பிளேயர், திருவிழாவில் மரத்திலோ கம்பத்திலோ கட்டப்படும் மைக்செட்டின் கூம்பு ஒலிபெருக்கி. இன்று கைபேசி. இவை நான்கிலும் பேஸ் கிட்டாரின் அடித்தள ஒலி முழுமையாக வெளிவருவதில்லை.

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிப்பவை. கூம்பு ஒலிபெருக்கி பேச்சைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி வேகமாகக் குறைந்துவிடும். ஆகவே திறந்த தந்தியில் மீட்டிய மிகத் தாழ்ந்த சுரத்தின் முதல் ஏழு இசைமங்களும் அதில் வலுவிழந்துவிடுகின்றன. எட்டாவது இசைமம் 330 ஹெர்ட்ஸை ஒட்டி வருவதால் அங்கிருந்துதான் ஒலி தெளிவாகிறது. மனிதச் செவி மேல் இசைமங்களைக் கொண்டு இல்லாத அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் இயல்புடையது. இதனால்தான் சிறிய வானொலியிலும் பேஸ் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் எட்டாவது இசைமத்திற்கு மேல் மட்டுமே எஞ்சும்போது அந்த ஊகமும் பெருமளவு பலவீனமாகிவிடும். கேட்பவருக்குத் தந்தியைத் தொட்ட ‘டக்’ என்ற ஓசைதான் மிஞ்சும்.

அதே பெயருடைய சுரத்தை மிக மெல்லிய தந்தியில் ஒன்பதாவது ஃபிரெட்டில் வாசித்தால் அதிர்வெண் 165 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாவது இசைமமே 330 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். கூம்பு ஒலிபெருக்கியிலும் அச்சுரம் சுரமாகவே கேட்கும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் தமிழ்த் திரையிசையில் பேஸ் எழுதப்பட்ட விதம் புதிதாகத் தெரியத் தொடங்கும்.

இளையராஜாவின் பேஸ்

எம்.எஸ்.விஸ்வநாதன் காலப் பாடல்களில் தாழ்ந்த சுரங்களை வில்லின்றி விரலால் மீட்டும் டபிள் பேஸ் பெரும்பாலும் ஏற்றிருந்தது. தாளத்தின் முதல் அடியையும் சுருதியின் ஆதாரத்தையும் அது சுட்டிக்காட்டியது. ‘அன்னக்கிளி’ (1976) வழியாக அறிமுகமான இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் கிட்டார் வாசிப்பவராக இருந்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். ஒவ்வொரு கருவிக்குமான பகுதியை மேற்கத்தியக் குறியீட்டில் தாமே எழுதித் தருவது அவரது முறை. பேஸும் அப்படி எழுதப்பட்டதுதான். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்தவர் சசிதரன்.

இளையராஜாவின் நூறாவது படமான ‘மூடுபனி’ (1980), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982), ‘சொல்லத் துடிக்குது மனசு’ (1988) ஆகியவற்றின் புகழ்பெற்ற பாடல்களில் பேஸ் தனி மெட்டாக நகர்கிறது. பாடகர் நீண்ட சுரத்தில் நிற்கும் இடத்தில் பேஸ் நடக்கிறது. பாடகர் விரையும் இடத்தில் அது நிற்கிறது. பாக் போன்றோரின் எதிர்மெட்டு முறை இங்கே மெல்லிசைக்குள் வந்துவிட்டது. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் கிட்டாரையே பேசுகிறார்கள். நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டவர் அந்தப் பாடலைப் பழையபடி கேட்பது கடினம்.

இந்தப் பேஸ் பகுதிகள் கருவியின் அடிக்கோடியில் மட்டும் தங்கியிருப்பதில்லை என்பது விமர்சனத்திற்கு முக்கியம். அவை நடு ஸ்தாயிக்கு ஏறுகின்றன, அங்கே சிறு சங்கதி போன்ற நகர்வை வாசித்துவிட்டு இறங்குகின்றன. ஏறிய இடங்கள் வானொலியிலும் கேட்டன. இறங்கிய இடங்கள் நல்ல ஸ்டீரியோ வைத்திருந்தவருக்கே கேட்டன. ஆக, தமிழகத்தின் பெரும்பான்மைக் கேட்பாளர் இப்பேஸ் பகுதிகளைத் துண்டு துண்டாகவே அறிந்திருந்தார். பேஸைப் பற்றித் தமிழில் விமர்சனம் எழாமல் போனதற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமல்ல. கேட்காத ஒன்றைப் பற்றி யாரும் எழுத முடியாது.

இதே சிக்கலை அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் வேறு விதமாக எதிர்கொண்டது. கார் வானொலியில் பாடல் எப்படிக் கேட்கும் என்று சிறிய ஒலிபெருக்கியில் சோதித்துப் பார்ப்பது அங்கு வழக்கமாக இருந்தது. அந்நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைச் சுற்றுத் தந்திகளைப் பூட்டி, அவற்றை மாற்றாமல், விரற்பலகையிலிருந்து உயரமாகவே வைத்து வாசித்தார். இன்றைய வழிகாட்டிகள் கூடாது என்று சொல்லும் அனைத்தும் அவர் கருவியில் இருந்தன. இருந்தும் ஒவ்வொரு சுரமும் சிறிய ஒலிபெருக்கியில் எழுந்து நின்றது. வாசிக்கும் கையும் எழுதப்பட்ட ஸ்தாயியும் தந்தியின் தரத்தைவிட அதிகம் தீர்மானிக்கின்றன என்பதற்கு அவரைவிட நல்ல சான்று இல்லை.

தொண்ணூறுகளில் கீபோர்டு வழியான செயற்கைப் பேஸ் பரவலானது. ஏ.ஆர்.ரஹ்மானின் வரவுக்குப் பின் பதிவுத் தரம் உயர்ந்தது, தாழ்ந்த ஒலி இன்னும் தாழ்ந்தது. கீத் பீட்டர்ஸ் போன்ற தேர்ந்த கலைஞர்களின் பேஸ் கிட்டார் ரஹ்மானின் பல பாடல்களில் உண்டு. ஆனாலும் பொதுப்போக்கில் பேஸ் நெஞ்சில் அதிரும் ஒன்றாக மாறியது. தனித்துப் பின்தொடரத்தக்க மெட்டாக அது இருந்த காலம் சுருங்கியது. காரில் சப்வூஃபர் வைத்திருப்பவருக்கு இது இழப்பாகத் தெரியாமல் இருக்கலாம்.

கருவிகளை ஒப்பிடுதல்

இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இரண்டு மூலவடிவங்களின் வழித்தோன்றல்கள். ஒன்று லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ். மற்றொன்று 1960-இல் வந்த ஜாஸ் பேஸ். பிரிசிஷன் 1957 முதல் இரண்டாகப் பிளந்த பிக்கப்பைக் கொண்டது. இவ்வமைப்பு மின் இரைச்சலைத் தானே நீக்கிக்கொள்ளும், நடு அலைவரிசையில் தடித்த ஒலி தரும். ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். இரண்டையும் சமமாகத் திறந்தால் இரைச்சல் நீங்கும், ஒன்றை மட்டும் திறந்தால் ‘ம்ம்’ என்ற ஓசை கூடவே வரும். ஜெனரேட்டரிலோ எர்த் சரியில்லாத இணைப்பிலோ வாசிக்க நேரும் மலையூர் மேடைக்கு இது சிறிய விஷயமல்ல. பல வகை ஒலி தருவதால் ஜாஸ் பேஸே மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை அந்த மேடையில் நின்றுகொண்டு ஏற்பது கடினம்.

1956-இல் வந்த ஹாஃப்னர் வயலின் வடிவப் பேஸைப் பால் மெக்கார்ட்னி புகழ்பெறச் செய்தார். அதன் தந்தி நீளம் 30 அங்குலம். ஃபெண்டர் வகை 34 அங்குலம். முதல் ஃபிரெட்டின் அகலம் நீண்ட கருவியில் 48 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், குட்டைக் கருவியில் 43 மில்லிமீட்டரை ஒட்டியது. நான்கு ஃபிரெட்டுகளை நான்கு விரலால் மூட வேண்டிய பதின்வயது மாணவருக்கு இந்த வேறுபாடு மணிக்கட்டில் தெரியும். குட்டைக் கருவியைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கும் பழக்கம் விற்பனையாளர்களிடமும் வாத்தியக்காரர்களிடமும் உண்டு. இதற்கு இசைக் காரணம் ஏதும் இல்லை.

ஐந்து தந்திப் பேஸ் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். புதிதாக வாங்குபவரை அதிகம் ஈர்ப்பது இதுதான். இதன் ஐந்தாவது தந்தி ஒலிக்கப் பெரிய ஒலிபெருக்கி வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிக்குள் இவ்வளவு தாழ்ந்த ஒலியை வலுவாகச் செலுத்தினால் அதன் உள்ளிருக்கும் சவ்வு கட்டுப்பாடின்றி அசைந்து யூனிட்டே பழுதாகும். இளையராஜா பாடல்களின் பேஸைக் கற்க விரும்பும் மாணவருக்கு நான்கு தந்தியே போதும். ஐந்தாவது தந்திக்கான பணத்தை நல்ல ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிடுவது பயன் தரும்.

1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன் வெளிநாட்டுக் கருவி வாங்குவது எளிதல்ல. கொல்கத்தாவின் கிவ்சன் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளும், பிறர் பயன்படுத்திய கருவிகளுமே பலருக்கும் கிடைத்தன. இன்று யமஹா, ஐபனெஸ், ஃபெண்டரின் துணைப்பெயரான ஸ்குவயர் ஆகியவற்றின் தொடக்கநிலைக் கருவிகள் இணையத்திலேயே வாங்கக் கிடைக்கின்றன. பலவற்றை அருகருகே வாசித்துப் பார்க்க வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கிச் சென்னை வரை செல்வதுதான் வழி. அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் 1842-இல் தொடங்கிய மிஸ்க்வித் நிறுவனத்தின் தொடர்ச்சி. அத்தகைய கடைக்குச் செல்பவர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒரே வலுவில் மீட்டிப் பார்க்க வேண்டும். சில சுரங்கள் சட்டென்று செத்து விழும், சில கிர்ரென்று உராயும். கடைசி ஃபிரெட்டுகளை எவரும் சோதிப்பதில்லை. மேற்சொன்ன பாடல்கள் ஏறிச்செல்லும் திசை அதுதான். இணையத்தில் வாங்குபவர் திருப்பி அனுப்பும் வசதியுள்ள இடத்தில் மட்டும் வாங்கி, வந்த அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது.

கருவியைச் சீரமைத்தல்

தொழிற்சாலையிலிருந்து வரும் கருவி வாசிக்கத் தயாராக இருப்பது அபூர்வம். விலை உயர்ந்த, சீரமைக்காத கருவியைவிட மலிவான, சீரமைத்த கருவி நன்றாக ஒலிக்கும். வரிசை முக்கியம்: சுருதி, கழுத்து, தந்தி உயரம், ஸ்தாயிச் சுத்தம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும்.

கழுத்தைச் சோதிக்க, சுருதி கூட்டிய நிலையில் ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்த வேண்டும். ஏழு அல்லது எட்டாவது ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது. அதிகமிருந்தால் கழுத்தின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் இறுக்க வேண்டும், இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. எளிதாகத் திரும்பாவிட்டால் அங்கேயே நிறுத்திக் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். உடைந்த கம்பிக்கு ஆகும் செலவு தொடக்கநிலைக் கருவியின் விலையையே எட்டிவிடக்கூடும்.

பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி உயரம் மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டர், தடித்த தந்திக்கு 2.5 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். தாழ்வாக வைத்தால் விரைவாக வாசிக்கலாம் என்ற பேச்சு உண்மைதான். வலுவாக மீட்டினால் உராயும் என்பதை அப்பேச்சு விட்டுவிடுகிறது.

ஸ்தாயிச் சுத்தத்தைத்தான் புதிதாகக் கற்பவர்கள் தவறவிடுகிறார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் இசைமமும், அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் உள்ள சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு. இச்சோதனையைச் செய்யாத கருவியில் முதல் மூன்று ஃபிரெட்டுகள் சரியாக ஒலிக்கும், மேலே ஏற ஏறச் சுருதி விலகும். எதிர்மெட்டாக எழுதப்பட்ட பேஸ் இப்படி விலகினால் பாடுபவரோடு மோதும். அடிச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

மரம் ஈரத்தை உறிஞ்சும், வெளிவிடும். சமவெளிக் கோடையில் சீரமைத்த கருவியை மழைக்கால மலைக்குக் கொண்டு சென்றால் கழுத்து வளைவு மாறும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், மேற்சொன்ன வரிசையில் ஒருமுறை பார்த்துவிடுவது போதுமானது. 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் பிக்கப் சுற்று உள்ள கருவியானால் வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலான கருவிகளில் வயர் செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கோவில் திருவிழா இரவில், மேடையேறிய பின், ஜமுனாமரத்தூரில் அந்தப் பேட்டரியைத் தேடுவது எளிதல்ல.