கொல்லன் பட்டறைக்குப் போகாத கத்தி

ஃபேர்பெய்ர்ன்–சைக்ஸ் கத்தி என்று ஒன்று. இரண்டு பக்கமும் கூர், ஊசிபோல ஒடுங்கும் முனை, உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டைப் பிடி. ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் வேலை பார்த்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் வடிவமைத்தது. வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனம் 1941இல் கமாண்டோப் படைக்குச் செய்து கொடுத்தது. காய் நறுக்கவோ சுள்ளி வெட்டவோ செய்ததல்ல. மனித உடம்பில் இறங்குவது ஒன்றே அதன் வேலை. போர்க்கத்தி சேகரிப்பவர்களிடம் அதற்குத் தனி மவுசு. அசல் எல்லோருக்கும் எட்டாது. ஆகவே போலி, மன்னிக்கவும், ‘ரெப்ளிகா’.

இந்தச் சந்தை பேசும் மொழியைத்தான் வாசிக்கப் பார்க்கிறேன். முதல் வகையின் குறுக்குக்காப்பு எஸ் எழுத்துபோல வளைந்திருக்கும். இரண்டாம் வகையில் அது நேராகிவிடும். மூன்றாம் வகையின் பிடியில் வளையம் வளையமாக வரிகள். இந்த மூன்றாம் வகையைப் போர் முடிந்த பிறகும் ஷெஃபீல்டில் செய்துகொண்டே இருந்தார்கள். அசலுக்கும் நகலுக்கும் நடுவிலிருந்த கோடு அங்கேயே கலங்கிவிட்டது. நகலை நகலென்று சொல்லி விற்பவர் உண்டு. புதிய அலகைக் கறுக்கவைத்து, உறையின் தோலை வதக்கி, போர்முனையிலிருந்து வந்ததென்று தள்ளிவிடுபவரும் உண்டு. தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகுக்கு விலை குறைவு, தீட்டாததற்கு அதிகம், கூடவே ஒரு வீரனின் பெயரும் கதையும் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் அதிகம். குத்தாத கத்தி வேண்டும், குத்திய கதையும் வேண்டும்.

இதைப் படிக்கும்போது எனக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. அதியமானின் தூதாகப் போன ஔவையிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலியும் மாலையும் சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மனையில் வைத்த ஆயுதங்கள். அவள் புகழ்வதுபோலவே பேசி, தன் தலைவனின் வேல்கள் முனை முறிந்து கொல்லனின் சிறு கொட்டகையில் கிடப்பதைச் சொல்லி முடிக்கிறாள். அரசவையில் ஒரு பெண் ஆயுதக் காட்சியைப் பார்த்து அடித்த கிண்டல் என்று இந்தப் பாட்டை நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஔவை இகழ்வது ஆயுதத்தை அல்ல, அதன் சும்மா இருப்பை. கொன்று முறிந்ததே மெய்யான வேல் என்பது அவள் கணக்கு. அசலைத் தேடி அலையும் சேகரிப்பாளர் அந்தக் கணக்கைக் கேட்டால் மகிழ்ந்துபோவார். ஆயுதத்தின் மறுமுனையில் கிடந்த உடம்பு அவள் பாட்டிலும் ‘பகைவர்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த உடம்புகளைச் சேகரிப்பாளர்களின் வரலாறும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்குக் கதை 1940இல், லண்டனில் தொடங்குகிறது. ஆனால் இந்தச் சண்டைமுறை உருவானது காலனிய ஷாங்காயின் தெருக்களில். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது 1925 மே 30 அன்று துப்பாக்கியால் சுட்டது அதே நகராட்சிக் காவல்துறைதான். ரெப்ளிகா விளம்பரங்களில் ஷாங்காய் ஒரு மர்மமான கிழக்கத்திய வாசனையாக மட்டும் வந்துபோகும்.

ஃபேர்பெய்ர்னின் பெயரில் 1942இல் வந்த நூல்களில் இரண்டு என் மேசையில் இருக்க வேண்டியவை. ஒன்று கமாண்டோக்களுக்கானது: எந்த நாளத்தை அறுத்தால் எத்தனை நொடியில் நினைவு தப்பும் என்று அட்டவணையே போட்டிருக்கிறார். கத்திப் பிரியர்களின் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுவது அந்த அட்டவணைதான். மற்றது பெண்களுக்கான தற்காப்பு நூல். அதில் கத்தி சொல்லித்தரவில்லை. முடியைப் பற்றி இழுப்பவனிடமிருந்து எப்படி விடுபடுவது, தியேட்டரில் பக்கத்து இருக்கையிலிருந்து நீளும் கையை என்ன செய்வது, குடையை எப்படிப் பிடித்தால் அது உதவும் என்று பொறுமையாகப் படம் போட்டு விளக்குகிறார். ஐரோப்பா முழுக்கப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இந்த நூலில் வரும் எதிரிக்குச் சீருடை கிடையாது; சினிமா டிக்கெட் மட்டும் இருக்கிறது.