குருநகர் மாமியும் எங்கள் வீட்டு மணியும்

"நாயைப் பொத்திப் பொத்தி வச்சுக் கெடுத்துப் போட்டியள் தம்பி. எங்கட நாயள் ஷெல்லடிக்கே பேசாமல் கிடந்ததுகள்."

யாழ்ப்பாணம் குருநகரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கையின் மாமியார், தூத்துக்குடிக்கு வந்திருந்த ஐப்பசி மாதத்தில் சொன்னது இது. கிழக்கே கடல்மேல் வானம் கறுத்து, தூரத்தில் ஒரே ஒரு மின்னல் வெட்டியிருந்தது. அதற்கு முன்னாலேயே எங்கள் நாய் மணி அம்மாவின் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிவிட்டது. அம்மா ஒரு பழைய நூல்சேலையை மடித்து அதன் நெஞ்சையும் விலாவையும் சேர்த்துச் சுற்றி, முதுகுப்பக்கம் முடிச்சிட்டு, அதன் கழுத்தில் கையை வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமி அதைப் பார்த்துத்தான் சொன்னார்.

வந்த விருந்தாளியிடம் வாதாடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் கரையில் நாயின் பயத்தை யாரும் இழிவாக நினைத்ததில்லை. என் தாத்தா சங்குகுளிக்கப் போனவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை அதற்கும் போனார். முத்துக்குளிப்புக்கு உகந்தது கடல் அமைதியாகக் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்கள். ஆனால் அந்த மாதங்களில்தான் கோடை இடியும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து விழும். கரையில் கிடக்கும் நாய் காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு வள்ளத்துக்கு அடியில் போனால், வெயில் அடித்தாலும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பார் தாத்தா. நாய்க்கு முதலில் தெரியும், நமக்குப் பிறகுதான் தெரியும் என்பது அவருடைய பாடம்.

அதில் உண்மை இருக்கிறது. மனிதக் காது எட்டும் எல்லை நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள். நாய்க்கு அது நாற்பத்தைந்தாயிரம் வரை போகும். நமக்கு எட்டாத மெல்லிய ஒலியும் அதற்கு எட்டும். காற்று மாறுவது, வெளிச்சம் மங்குவது, மழை வாசனை எல்லாவற்றையும் அது சேர்த்துக் கணக்குப் போடுகிறது. ஒருமுறை பயந்த நாய் அடுத்த முறை இடிவரை காத்திருப்பதில்லை. மழை இருட்டியதுமே நடுங்கத் தொடங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த இரண்டு நாளும் மணியை மொட்டைமாடி அறையில் வைத்திருந்தோம். அன்றைக்கு இடி பெரிதில்லை, தண்ணீர்தான் பெரிது. இருந்தும் அதற்குப் பிறகு தகரத்தில் மழை விழுகிற சத்தமே மணிக்குப் போதும்.

சொற்களைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நாங்கள் "இடி இடிக்குது, நாய் அரண்டு போச்சு" என்போம். மாமி "முழங்குது, நாய் வெருண்டு போச்சு" என்கிறார். அரளுதல் என்றால் எனக்கு உடம்பு உதறுவது கண்ணில் தெரிகிறது. வெருளுதல் என்றால் விழி விரிந்து நிற்பது தெரிகிறது. குறளின் 57ஆம் அதிகாரத்துக்கு 'வெருவந்த செய்யாமை' என்று பெயர். அந்த வெருவுதலின் இனத்துச் சொல் அங்கே குசினியில், அதாவது அடுப்படியில், புழங்குகிறது, எங்களிடம் புத்தகத்தோடு நின்றுவிட்டது. இந்த ஒன்றில் எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான். கச்சான் கதை வேறு. எங்கள் மீனவருக்குக் கச்சான் ஒரு காற்று. குருநகரில் என் தங்கை மகன் "மாமா, கச்சான் வாங்கித் தாங்கோ" என்று கேட்டபோது காற்றை எங்கே போய் வாங்குவது என்று விழித்தேன். யாழ்ப்பாணத்தில் அது வேர்க்கடலை.

குருநகருக்கு நான் போனது ஒரு சித்திரையில். ஐந்து நாள் இருந்தேன். எங்களுக்குத் தீபாவளிப் பட்டாசும் ஐப்பசி இடியும் ஒன்றாக வந்து நாய்களை வதைப்பதுபோல, அங்கே சித்திரைப் புத்தாண்டுச் சீனவெடியும் அந்தப் பருவத்து மாலை இடியும் ஒன்றாக வருகின்றன. எங்களுக்குச் சிவகாசி பக்கம் என்பதால் வெடி எங்களிடம் அதிகம். நாய்க்குப் பாடும் அதிகம்.

அங்கே நாய்க்கு ரொமி என்று பெயர். ஆங்கிலத்து டகரத்தை அவர்கள் ரகரமாக எழுதுவார்கள், நம்முடைய டாமிதான் அது. நான்காம் நாள் மாலை முழங்கத் தொடங்கியது. ரொமி வளவிலிருந்து ஓடிவந்து விறாந்தையில் இருந்த வாங்குக்கு அடியில் நுழைந்தது. வாங்கு என்றால் பெஞ்சு, போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பிறகு அதுவும் சரியில்லை என்று எழுந்து குசினிக்குள் போய் அடுப்புத் திட்டுக்குக் கீழே சுருண்டது. ஒருவரும் அதைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. மாமி யன்னல்களைச் சாத்தினார், வானொலியைச் சத்தமாக வைத்தார், குசினிக் கதவை மட்டும் திறந்தபடி விட்டுவிட்டு வெங்காயம் உரித்தார். "அது தன்ர இடத்தைத் தானே பார்க்கும்" என்றார். மழை விட்டதும் ஒரு துண்டுப் பாணைப் போட்டார். ரொட்டியை அங்கே பாண் என்பார்கள், அதுவும் போர்த்துக்கீசச் சொல்தான்.

எனக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. நடுங்குகிற உயிரை அதன் பாட்டுக்கு விட்டுவிடுவதா என்று தங்கையிடம் கேட்டேன். அன்றிரவு கறண்ட் போயிருந்த நேரத்தில் மாமி தானாகவே சொன்னார். 1995 அக்டோபர் 30ஆம் தேதி, போர் நெருங்கி வந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வீட்டைவிட்டுக் கிளம்பிய இரவு. லட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. பிள்ளைகளையும் பாத்திரங்களையும் எடுத்தார்கள், நாயை எடுக்க முடியவில்லை. அது வாசல் படலை வரைக்கும் வந்து நின்றது. அதற்கு முந்திய வருடங்களில் விமானச் சத்தம் மனிதர் காதில் விழும் முன்னரே அந்த நாய் பங்கருக்குள் இறங்கிவிடுமாம். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் ஓடி இறங்குவார்களாம். சொல்லிவிட்டு மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஷெல்லடிக்குப் பேசாமல் கிடந்த நாய் எது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் தாத்தா வள்ளத்தடியில் பார்த்த நாயும் மாமி பங்கரில் பார்த்த நாயும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. ஆனால் பேசாமல் கிடப்பதைத் தைரியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிகவும் பயந்த நாய் குரைக்காது. உடம்பு இறுகிப்போகும், எச்சில் வடியும், மூச்சு இரைக்கும், காது பின்னால் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அதற்குத் தெரிய வேண்டும். அம்மா அதைத்தான் செய்கிறாள்.

செல்லம் கொடுத்தால் பயம் வளரும் என்ற மாமியின் எண்ணம் எங்கள் தெருவிலும் உண்டு. அது சரியல்ல என்று இன்றைக்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பயம் ஒரு உணர்ச்சி. தடவிக்கொடுப்பதால் அது வளர்வதில்லை. சத்தம் கேட்டவுடன் பிடித்த தீனி கொடுத்து, சத்தம் என்றால் நல்லது வரும் என்று பழக்குவதுதான் மிகவும் கைகொடுக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ஸ்டெஃபானி ரீமர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்ப்பவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் வெடிச்சத்தப் பயத்தைப் பற்றிக் கேட்டார். இந்த வழியைக் கையாண்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் பலன் கிடைத்தது என்றார்கள். உடம்பைச் சுற்றும் துணிக்கு அவ்வளவு பேர் சொல்லவில்லை, பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் மணிக்கு அது பலிக்கிறது. நாங்கள் நெத்திலிக் கருவாட்டை உப்புப் போக ஊறவைத்து, வேகவைத்து, டப்பாவில் வைத்திருப்போம். ஒவ்வொரு இடிக்கும் ஒன்று. இடி முடிந்தபின் போடும் பாணும் இடியோடு போடும் கருவாடும் ஒன்றாகுமா?

மருந்து விஷயத்தில் எங்கள் பக்கம் வசதி கூடுதல். எங்கள் ஊரில் மாட்டாஸ்பத்திரி என்றால் மாட்டுக்கு மட்டுமல்ல. பெரிய சந்தேகம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இலங்கை முழுவதற்கும் மிருக வைத்தியம் படிக்கும் பீடம் பேராதனையில் ஒன்றுதான், யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாடு வரை போக வேண்டும். இங்கே மாத்திரை, அங்கே குளிசை. எதுவானாலும் மனிதருக்கு வாங்கியதை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. பழைய மயக்க மருந்துகள் சில, உடம்பை அசையவிடாமல் செய்துவிட்டுப் பயத்தை அப்படியே உள்ளே விட்டுவைக்கும். இடிக்காலத்தில் சங்கிலியில் கட்டிப்போடுவதும் ஆபத்து, கழுத்து இறுகிச் செத்த நாய்களை இரண்டு கரையிலும் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதும்போது போன ஐப்பசியையும் எழுத வேண்டியிருக்கிறது. பனிமய மாதா கோயில் பக்கம் எங்கோ பலமாக விழுந்த இடி அது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மா வழக்கம்போல் சேலையை எடுத்தாள். மணி முதல் தடவையாக அவள் கையை உதறியது. பாதி சுற்றிய சேலையோடு இழுத்துக்கொண்டு ஓடி, பின்கட்டில் வலை போட்டிருக்கும் அறையின் கதவைப் பிறாண்டியது. ஜன்னல் இல்லாத அறை. கதவைத் திறந்ததும் பழைய வலைக்குவியலில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டது. அம்மா பின்னாலேயே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். தொடவில்லை. டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிவிட்டாள். மூன்றாவது இடிக்கு மணி எட்டி எடுத்துத் தின்றது.

இந்த வருடம் புரட்டாசி முடிவதற்குள் அந்த அறைக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். தங்கை போனில் பேசும்போது மாமி மணியைப் பற்றி விசாரித்தாராம். நன்றாக இருக்கிறது, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.